ஒரே பிரதி, ஒரு மேசை, பத்துப் பேர்: மலையகத்தில் வாசகர் வட்டம் தொடங்குகிறவர்களுக்கு

இலங்கை மலையகத்தின் பெரும்பாலான நகரங்களில் ஒரு பொது நூலகம் இருக்கிறது. கண்டியின் டி. எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்த நூலகம் போலப் பெரிய கட்டடமாகவும் இருக்கலாம். சபைக் கட்டடத்தின் மேல்மாடியில் நாலு இறாக்கையும் இரண்டு நீள மேசையுமாகவும் இருக்கலாம். காலையில் பத்திரிகை பார்க்க வரும் ஓய்வுபெற்றவர்கள், டியூஷனுக்கு முன்னால் ஒதுங்கும் உயர்தர மாணவர்கள், சனிக்கிழமை பிள்ளைகளோடு வரும் அம்மாமார் என்று ஆட்களும் வரத்தான் செய்கிறார்கள். எடுக்கிறார்கள், திருப்பிக் கொடுக்கிறார்கள். வாசித்ததை இன்னொருவரோடு பேசத்தான் இடமில்லை. ஒரே கதையை வாசித்த சிலர் மாதம் ஒருமுறை ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசினால் அதுதான் வாசகர் வட்டம். அதற்கு மேல் பெரிய இலக்கணம் எதுவும் கிடையாது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இரண்டு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். நூலகத்தில் ஒரு புத்தகத்துக்கு ஒரு பிரதிதான் இருக்கும் என்பது ஒன்று. பத்துப் பேர் கூடினாலே அதை விழாவாக்கிவிடும் நமது பழக்கம் மற்றது. இந்த இரண்டுக்கும் வழி பார்த்துவிட்டால் மீதியெல்லாம் சில்லறை வேலை. வரிசையாகவே சொல்கிறேன்.

முதலில் அங்கத்துவம்

பொது நூலகங்களை நடத்துவது மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகிய உள்ளூராட்சி மன்றங்கள். ஆகவே படிவமும் கட்டணமும் சபைக்குச் சபை மாறும். பொதுவாகக் கேட்பது தேசிய அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், பிணை நிற்பவரின் கையொப்பம், சிறு கட்டணம் அல்லது வைப்புப் பணம். பாடசாலைப் பிள்ளைகளுக்கு அதிபரின் கையொப்பம் இருந்தால் போதும் என்பார்கள்.

தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இங்கேதான் இழுபடும். பிணை நிற்பவர் ஆதனவரி கட்டுகிறவராக இருக்க வேண்டும் என்று சில இடங்களில் கேட்பதுண்டு. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருப்பவர் பெயரில் வீடும் இல்லை, வரியும் இல்லை. அதோடு திரும்பி நடந்துவிடாதீர்கள். அரச உத்தியோகத்தர் ஒருவர் கையொப்பமிட்டால் ஏற்பீர்களா என்று கேளுங்கள். தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் போதும். அவரே நாளைக்கு வட்டத்துக்கும் வந்துவிடுவார்.

முகவரியிலும் ஒரு சங்கதி உண்டு. லயத்துக்கு வரும் கடிதம் தோட்ட ஆபீசுக்குப் போய், அங்கிருந்து யார் கையிலோ ஏறி வந்து சேரும். புத்தகம் திருப்பித் தரவில்லை என்று நூலகம் போடும் தபாலட்டை உங்களிடம் வரும்போது தண்டப்பணம் ஏறியிருக்கும். படிவத்தில் தொலைபேசி இலக்கத்தைத் தெளிவாக எழுதி, “மிஸ், கடிதம் போட வேணாம், ஒரு கோல் எடுங்க” என்று வாயாலும் சொல்லி வையுங்கள்.

தோட்டத்துக்குள்ளேயே நூலகம் ஏன் இல்லை என்று வட்டத்தில் யாராவது கட்டாயம் கேட்பார். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்படி தோட்டக் குடியிருப்புகளுக்காகப் பணம் செலவழிக்கச் சபைகளின் கை கட்டப்பட்டிருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். இனிமேல் கேட்கலாம் என்பது சட்டம். கேட்க ஆள் வேண்டும் என்பது நடைமுறை. இப்போதைக்கு நகரத்து நூலகம்தான் நமக்கு.

நூலகரிடம் எதைக் கேட்பது

நூலகர் உங்கள் பக்கம் இல்லாவிட்டால் வட்டம் இரண்டாம் மாதம் தாண்டாது. அவருக்கு மேலே சபைச் செயலாளர் இருக்கிறார், அதற்கும் மேலே கணக்காய்வு இருக்கிறது. ஒரு புத்தகம் காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். இதை மனதில் வைத்துக்கொண்டு மூன்றே மூன்றைக் கேளுங்கள்: மாதம் ஒருநாள் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு மேசை, தெரிவு செய்த புத்தகத்தை வட்டத்துக்காக ஒதுக்கி வைக்கும் உதவி, அறிவித்தல் பலகையில் ஒரு தாளுக்கு இடம். எழுத்தில் கேட்டால் அவருக்கும் மேலே காட்ட வசதி. கடிதத்தைத் தமிழிலேயே கொடுக்கலாம். 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு தமிழும் அரசகரும மொழி. நூலகர் சிங்களம் பேசுபவராக இருந்தால், சிங்களம் நன்றாக வரும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கடிதம் செய்வதைவிட அந்த ஐந்து நிமிடப் பேச்சு அதிகம் செய்யும்.

ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதம். அந்த மாதத்தில் எல்லாப் பொது நூலகங்களும் ஏதாவது நிகழ்ச்சி நடத்தி அறிக்கை அனுப்ப வேண்டியிருக்கும். “எங்கள் வட்டத்தின் சந்திப்பையும் உங்கள் நிகழ்ச்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று ஓகஸ்ட்டிலேயே சொல்லிவிட்டால், கதிரை முதல் தேத்தண்ணி வரை கேளாமலே கிடைக்கும். ஒரு நிபந்தனை மட்டும் வையுங்கள். பிரதம அதிதி வேண்டாம்.

தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவும் வேண்டாம். பதவி வந்ததும் பிரிவினை வரும், இது எல்லாச் சங்கத்திலும் பார்த்ததுதான். புத்தகத்துக்குப் பொறுப்பாக ஒருவர், ஆட்களுக்குச் செய்தி சொல்ல ஒருவர். முடிந்தது.

நாளும் நேரமும்

தோட்ட ஆட்களுக்கு வசதியான நாள் ஞாயிறு. அன்று உங்கள் நூலகம் திறக்கிறதா என்று முதலில் பாருங்கள். போயா நாளிலும் அரச விடுமுறையிலும் மூடியிருக்கும். தோட்டச் சம்பளம் 10ஆம் திகதி. அதற்கு அடுத்து வரும் ஞாயிறு ஊரே கடைவீதியில் நிற்கும், அன்று வைத்தால் நீங்களும் நூலகரும்தான் இருப்பீர்கள். மாதக் கடைசி ஞாயிறு காலை பத்து மணி பெரும்பாலான இடங்களுக்குச் சரிவரும். பின்னேரத்தில் வைத்தால் கடைசி பஸ் நினைப்பிலேயே பாதிப்பேர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மழையைப் பார்த்து ஆண்டுத் திட்டம் போடுங்கள். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் ஜூன், ஜூலையில் தென்மேல் பருவமழை விடாது பிடிக்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு நவம்பர் தொடங்கி ஜனவரி வரைக்கும் வடகீழ் மழை. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் சந்திப்பை ஒத்திவைப்பதில் வெட்கம் எதுவும் இல்லை. அந்த மாதங்களுக்கு நாவலைப் போடாமல், வீட்டில் இருந்து வாசிக்கக்கூடிய சிறுகதையைப் போடுங்கள்.

ஒரு பிரதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது

இதுதான் முக்கியமான கட்டம். கொழும்பிலோ சென்னையிலோ நடக்கும் வாசகர் வட்டங்களின் கதையைக் கேட்டுவிட்டு, எல்லோரும் புத்தகம் வாங்கி வாசித்துவிட்டு வரவேண்டும் என்று தொடங்கினால் இங்கே நடக்காது. தமிழ்நாட்டுப் பதிப்பு ஒன்றின் விலை இங்கே வரும்போது ஒரு நாள் சம்பளத்தையே கேட்கும். மலையக எழுத்தாளர்களின் பழைய நூல்கள் காசு கொடுத்தாலும் கடையில் கிடைக்காது.

எனவே முதல் மூன்று நான்கு மாதத்துக்கு வாய்விட்டு வாசிக்கும் முறையே நல்லது. யாரும் எதையும் வாசித்துவிட்டு வர வேண்டியதில்லை. ஒரு சிறுகதை, ஒரு பிரதி. ஒருவர் இரண்டு பக்கம் வாசித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்கிறார். பத்துப் பன்னிரண்டு பக்கக் கதை அரை மணித்தியாலத்துக்குள் முடியும். காமன் கூத்தையும் பொன்னர் சங்கரையும் விடிய விடிய இருந்து கேட்டு வளர்ந்த ஊர்களில், ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பது புதிய பழக்கமே இல்லை. எழுத்துக்கூட்டி வாசிக்கிறவரும், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தவரும், எழுத்தே தெரியாத பாட்டியும் அந்த மேசையில் சரிசமமாக உட்காரலாம்.

இதற்கு இரண்டு ஒழுங்கு மட்டும் வேண்டும். வாசிக்க விருப்பமில்லாதவர் பேசாமல் புத்தகத்தை அடுத்தவரிடம் தள்ளிவிடலாம், காரணம் கேட்கக்கூடாது. நடுவில் யாரும் விளக்கம் சொல்லக்கூடாது, குறிப்பாக ஆசிரியர்கள். தவறாக உச்சரித்தாலும் திருத்த வேண்டாம். வகுப்பு ஞாபகம் வந்த நிமிடமே பாதிப்பேரின் வாய் மூடிவிடும்.

நாவலுக்குக் கைமாற்று முறை. புத்தகம் ஒருவரின் அட்டையில் இரவலாகிறது. பெரும்பாலான நூலகங்களில் இரண்டு வாரத் தவணை, பிறகு நீடிக்கலாம். வட்டத்துக்காகவே நீண்ட தவணை தர முடியுமா என்று நூலகரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஐந்தாறு பேர், ஆளுக்கு எட்டு நாள், ஏறக்குறைய ஒன்றரை மாதம். பட்டியலை ஒரே பஸ் வழியாகப் பாருங்கள். தோட்டத்தின் மேல்கணக்கு (மேல் பிரிவு) ஆளிடமிருந்து கீழ்கணக்கு ஆளுக்குப் போவது சுலபம். நோர்வூட்டில் ஒருவர், கொட்டகலையில் ஒருவர், மறுபடியும் நோர்வூட்டில் ஒருவர் என்று வைத்தால் புத்தகம் பஸ்ஸிலேயே காலம் கழிக்கும். புத்தகத்தில் கோடு போடக்கூடாது. பிடித்த இடத்தில் பழைய கொப்பித் தாளைக் கிழித்துச் செருகலாம். செருகிய தாளில் பெயரை எழுதினால் இன்னும் சுவாரசியம். அடுத்து வாசிப்பவர், “அக்கா ஏன் இந்த இடத்தில தாள் வச்சாங்க?” என்று யோசித்துக்கொண்டே வாசிப்பார். பேச்சு அங்கேயே தொடங்கிவிடுகிறது. மழைக் காலத்தில் புத்தகத்துக்கு ஒரு பொலித்தீன் உறை கட்டாயம்.

மூன்றாவது வழி தொலைபேசி. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணைய ஆவணகத்தில் ஈழத்து, மலையகத்து நூல்களும் சஞ்சிகைகளும் பெருந்தொகையாக ஸ்கேன் செய்யப்பட்டு இலவசமாகக் கிடக்கின்றன. கடையில் தேடி அலுத்த பெயர்கள் பலவற்றை அங்கே பார்க்கலாம். கோப்புகள் பெரியவை, லயத்தில் சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும்போது இறக்க முடியாது. நகரத்துக்கு வரும் ஒருவர் இறக்கி மற்றவர்களுக்கு அனுப்பிவிட்டால் போதும். பழைய அச்சு சின்னத் திரையில் கண்ணை உறுத்தும் என்பதால் இதைச் சிறுகதைக்கும் கட்டுரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டோ கொப்பி பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். இலங்கைச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 70 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தவர். தமிழ்நாட்டில் அவரது எழுத்து நாட்டுடைமையும் ஆகிவிட்டது. அவர் கதையைப் பத்துக் கொப்பி எடுத்தால் யாரும் கேட்க முடியாது. நம் காலத்து மலையக எழுத்தாளர்களின் நூலை முழுதாகக் கொப்பி அடிப்பது வேறு விஷயம். அவர்களில் பலர் கைக்காசைப் போட்டு அச்சடித்தவர்கள், கட்டுக் கட்டாக வீட்டில் வைத்திருப்பவர்களும் உண்டு. எழுத்தாளரிடமோ குடும்பத்திடமோ கேட்டால் இரண்டு பிரதி நூலகத்துக்கே அன்பளிப்பாக வரலாம்.

பேச்சை எப்படி நடத்துவது

மங்கள விளக்கு வேண்டாம். மௌன இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, நன்றியுரை எதுவும் வேண்டாம். இதையெல்லாம் செய்யத் தெரிந்தவர்கள் நம்மிடம் தாராளமாக இருக்கிறார்கள்; அவர்களுக்கு வேறு மேடைகள் உண்டு. மேசையைச் சுற்றி உட்காருங்கள். எழுந்து நின்று பேசத் தொடங்கினால் அது உரையாகிவிடும், உட்கார்ந்தே பேச வேண்டும். எனக்குத் தெரிந்த அளவில் இந்த ஒரு விதியை விடாப்பிடியாகக் காப்பாற்றிய வட்டங்கள்தான் நிலைத்திருக்கின்றன.

கதை முடிந்ததும் முதல் சுற்றில் ஆளுக்கு ஒரு வரி: மனதில் நின்ற ஒரு இடம். ஏன் என்று கேட்க வேண்டாம். இந்தச் சுற்று முடியும்போது எல்லோருடைய குரலும் ஒருதரம் வெளியே வந்திருக்கும். முதல் பத்து நிமிடத்தில் வாய் திறக்காதவர் பிறகு திறப்பது கஷ்டம்.

அடுத்தது கேள்வி. “இந்தக் கதை சொல்ல வரும் கருத்து என்ன?” என்பது சாதாரண தரப் பரீட்சைக் கேள்வி, அதற்கு நம் எல்லோரிடமும் மனப்பாட விடை இருக்கிறது. அதைக் கேட்டால் உழைப்புச் சுரண்டல், பெண்ணடிமை, சமூக விழிப்புணர்வு என்று மூன்று சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். கதைக்குள்ளே விரல் வைத்துக் கேளுங்கள். இந்த இடத்தில் அவள் ஏன் பதில் சொல்லவில்லை? இந்தக் கங்காணி சொல்வது உண்மையா? எந்த வரியில் உங்களுக்கு முதலில் சந்தேகம் வந்தது? யார் கண்ணால் இதைப் பார்க்கிறோம்? ஒருவர் ஏதாவது சொன்னால், “அது எந்தப் பக்கத்தில் இருக்கு?” என்று நட்போடு கேளுங்கள். ஒரே பிரதி மேசை நடுவில் இருப்பதன் பலன் இங்கேதான் தெரியும். எல்லோரும் அந்த ஒரு புத்தகத்தின் பக்கமாகத்தான் சாய வேண்டியிருக்கும்.

ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ கதையில், ஒரு பெண் பறித்த கொழுந்தின் நிறை வழக்கத்துக்கு மீறி ஏறிவிட, அது உண்மையான நிறைதானா என்று பேச்சு எழுகிறது. அந்தக் கதையை வாசித்த ஒரு மேசையில் ஆசிரியர் ஒருவர் பெண்ணின் தன்மானம் பற்றி அழகாகவே பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கொழுந்து எடுத்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா. அவர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, “அந்த ராத்தல் எடுக்கலாம் சேர். ஆனா எந்த மலைன்னு பாக்கணும். கவ்வாத்து வெட்டித் தளைச்சு வந்த மலையா, பழைய மலையா? காலையில நனைஞ்ச கொழுந்தா, வெயில் கொழுந்தா? தண்ணிக்குக் கழிச்சாங்களா இல்லியா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் பேச்சு நிற்கவில்லை. கூடைக்கும் ஈரத்துக்கும் கழிப்பது, தராசுக்குப் பக்கத்தில் யார் நிற்பார், நிறை குறைந்தால் அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போடுவது என்று எல்லாம் வந்தது. எல்லாமே கதைக்குள் இருக்கும் சந்தேகத்தை எடைபோடுகிற பேச்சுத்தான். தொழில் தெரிந்தவர் வாய் திறக்க மேசை இடம்கொடுத்தால் போதும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சொந்த அனுபவத்தில் இறங்கி, கதையை மறந்துவிட்டு, சம்பளப் பிரச்சினையிலும் சங்க அரசியலிலும் பேச்சு போய் நிற்கும். முக்கியமான விஷயந்தான், ஆனால் அதைப் பேச வேறு இடங்கள் இருக்கின்றன, கதையைப் பேச இந்த ஓர் இடந்தான். “சரி அண்ணே, அந்தக் கதைக்கு வருவோம்” என்று சொல்ல ஒருவரை முன்னாடியே நியமித்துக்கொள்ளுங்கள். வயதில் மூத்தவர்களிடம் இதைச் சொல்ல இளையவர்கள் தயங்குவார்கள். அந்த வேலையை ஒரு பாட்டியிடம் கொடுத்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

பெண்கள் வருவதற்குத் தனியாக எதையாவது செய்ய வேண்டும். ஞாயிறு அவர்களுக்கு ஓய்வு நாள் இல்லை. துணி, விறகு, சந்தை எல்லாம் அன்றுதான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று அறிவித்தலிலேயே எழுதுங்கள். நூலகத்தின் சிறுவர் பகுதி பக்கத்திலேயே இருக்கும். இரண்டு பெண்கள் சேர்ந்து வந்தால் தொடர்ந்து வருவார்கள். தனியாக வந்தவர் அடுத்த மாதம் வரமாட்டார். ஆகவே அழைக்கும்போதே இருவராக அழையுங்கள்.

எதை வாசிப்பது

முதல் சந்திப்புக்கு மேலே சொன்ன ‘ஒரு கூடைக் கொழுந்து’ பொருத்தம். அந்தப் பெயரிலேயே 1980இல் தொகுதியாக வந்தது. வேலையும் சண்டையும் காதலும் உள்ள கதை, கடைசி வரை என்ன ஆகும் என்ற இழுப்பு இருக்கிறது.

தெளிவத்தை ஜோசப் இல்லாமல் மலையகச் சிறுகதை இல்லை. 1934இல் பிறந்து 2022இல் மறைந்தவர். 2013இல் விஷ்ணுபுரம் விருது கிடைத்த பிறகு தமிழ்நாட்டு வாசகர்களும் தேடிப் படித்தார்கள். ‘நாமிருக்கும் நாடே’ தொகுதி உங்கள் நூலகத்தில் இருக்க வாய்ப்புண்டு. அவருடைய ‘மீன்கள்’ மிகச் சிறந்த கதை. ஆனால் அதை முதல் மாதம் எடுக்காதீர்கள். லயத்தின் ஒற்றை அறைக்குள் வளர்ந்த பிள்ளைகளோடு குடும்பம் நடத்தும் சங்கடத்தைச் சொல்லும் கதை அது. அப்பாவும் மகளும் ஒரே மேசையில் இருக்கும்போது வாய்விட்டு வாசிக்க முடியாது. வட்டம் பழகிய பிறகு, ஒவ்வொருவரும் வீட்டில் வாசித்துவிட்டு வரும்படி சொல்லி எடுங்கள். அப்போது வரும் பேச்சு வேறு கனத்தில் இருக்கும்.

நாவலுக்கு இரண்டு சொல்வேன். 1964இல் வந்த கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ தமிழகத்திலிருந்து தோட்டத்துக்கு வந்தவர்களின் வாழ்க்கையை, பெண்களின் பக்கத்தில் நின்று சொல்கிறது. நடை பழையது, சில இடங்களில் உபதேசமும் உண்டு. இருந்தாலும் உங்கள் பூட்டி எப்படி வந்தார் என்று வீட்டில் கேட்க வைக்கும் புத்தகம். மற்றது தி. ஞானசேகரனின் ‘குருதிமலை’, 1979. தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர், வெளியிலிருந்து வந்து உள்ளே பார்த்தவர். இந்த இரண்டையும் அடுத்தடுத்து எடுத்தால், தோட்டத்தை யார் எங்கே நின்று பார்க்கிறார் என்ற கேள்வி தானாகவே எழும்.

அதே கேள்விக்குப் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ இன்னும் நல்லது. தமிழ்நாட்டிலிருந்து எழுதப்பட்ட இலங்கைத் தோட்டத்துக் கதை. மருதி என்ற பெண்ணின் பாடு. கொப்பி எடுக்கத் தடையும் இல்லை. நம் ஆட்கள் இதை வாசித்தால் தோட்ட விவரங்களில் எது சரி, எது பிசகு என்று வரிவரியாகப் பிடிப்பார்கள். பிடிக்கட்டும். பிசகினாலும் கதை ஏன் நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள், அங்கே ஆரம்பிக்கும் உண்மையான விவாதம். கொஞ்சம் நீளமான கதை, இரண்டு சந்திப்புக்குப் பிரிக்க வேண்டியிருக்கும்.

கதை வாசிக்கப் பொறுமை இல்லாதவர்கள் நிறைந்த வட்டமாக இருந்தால், சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’. மடகொம்பரையில் பிறந்தவர், 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர், ஆங்கிலத்திலும் கவிதை எழுதியவர். அந்தப் பாடல்களில் ஒன்றை வாசித்ததுமே யாராவது ஒருவர், “எங்க தோட்டத்துல இதை வேற மாதிரிப் பாடுவாங்க” என்பார். அந்த வேறு மாதிரியை உடனே எழுதிக்கொள்ளுங்கள், இரண்டாம் தரம் பாடும்போது மாறிவிடும். அவர் வாழ்க்கையை அறிய சாரல்நாடனின் ‘சி. வி. சில சிந்தனைகள்’ இருக்கிறது. அதே சாரல்நாடன் எழுதிய ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ தொழிற்சங்க வரலாற்றில் ஆர்வமுள்ள அண்ணன்மாரை வட்டத்துக்குள் இழுக்கும். ஆய்வு வாசிக்கத் தெம்பு வந்த பிறகு மு. நித்தியானந்தனின் ‘கூலித் தமிழ்’, 2014. தோட்டத் துரைமார் தமிழ் கற்கப் பாவித்த கைநூல்கள் பற்றிய கட்டுரையை மட்டும் தனியாக எடுத்தாலே ஒரு சந்திப்பு போதாது.

மலையகத்தையே தொடர்ந்து வாசித்தால் மூச்சு முட்டும், அதையும் சொல்ல வேண்டும். நாலுக்கு ஒன்று வெளியே போங்கள். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘மடோல் தூவ’ 1947இல் சிங்களத்தில் வந்தது, தமிழிலும் கிடைக்கிறது. வீட்டை விட்டு ஓடித் தீவு ஒன்றில் குடியேறும் இரண்டு பையன்களின் கதை. சிங்கள வாசகர்கள் எல்லோரும் சின்ன வயதிலேயே படித்திருப்பார்கள் என்பதால், நூலகத்தின் சிங்கள அங்கத்தவர்களையும் அந்த மாதம் அழைக்கலாம். அவர்கள் சிங்களப் பிரதியோடும் நீங்கள் தமிழ்ப் பிரதியோடும் உட்கார்ந்தால், ஒரு பிரதிப் பிரச்சினையும் அந்த மாதத்துக்குத் தீர்ந்தது.

இறாக்கையில் தேடும்போது: நூலகங்கள் புத்தகங்களுக்கு எண் போட்டு அடுக்கும் டூயி தசமப் பகுப்பில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811. புனைகதை தனி இறாக்கையில் இருக்கும். ஆனால் மலையக நூல்கள் பல, சமூகவியலிலோ இலங்கை வரலாற்றிலோ, சில நேரம் உசாத்துணைப் பகுதியில் பூட்டியோ கிடக்கும். உசாத்துணை நூலை வீட்டுக்குத் தரமாட்டார்கள், மேசையில் வைத்து வாசிக்கலாம். வாய்விட்டு வாசிக்கும் வட்டத்துக்கு அதுவே போதும்.

ஒரு சி. ஆர். கொப்பி

தடித்த அட்டை போட்ட ஒரு குறிப்புக் கொப்பி வையுங்கள், ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு பக்கம். திகதி, நூல், நூலகப் பதிவிலக்கம், வந்தவர்கள், முதல் சுற்றில் ஒவ்வொருவரும் சொன்ன வரி, பிரதி இப்போது யார் கையில். கூட்டறிக்கை மாதிரி எழுதவேண்டாம். கொப்பி நூலகத்திலேயே இருக்கட்டும். வராதவர் இடையில் வந்து புரட்டிப் பார்ப்பார். வட்ஸ்அப் குழு செய்தி சொல்ல மட்டும். அதில் காலை வணக்கப் படங்கள் வரத் தொடங்கினால் புத்தகம் பற்றிய செய்தி கீழே போய்விடும்.

ஆட்கள் குறைவது வழக்கம். பத்துப் பேரில் தொடங்கி நாலாகும். நாலு பேருக்கு ஒரு பிரதி இன்னும் வசதி என்று நினைத்து நடத்திக்கொண்டு போங்கள். பரீட்சை முடிந்ததும் மாணவர்கள் திரும்பி வருவார்கள்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தை மட்டும் வேறு வேலைக்கு ஒதுக்குங்கள். நூலகத்தில் தேடிக் கிடைக்காத நூல்களின் பெயர், எழுத்தாளர், தெரிந்தால் பதிப்பகம், கேட்டவர் எத்தனை பேர். சபைகள் புத்தகம் வாங்க ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கும். கொழும்பில் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் செப்டெம்பரில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சிக்குப் போய் வாங்கும் நூலகங்களும் உண்டு. தமிழ் நூல் பட்டியல் கையில் இல்லாவிட்டால் நூலகர் கண்ணில் பட்டதை, அதாவது சமையல் குறிப்பையும் பரீட்சை வழிகாட்டியையும், வாங்கிக்கொண்டு வருவார். அவரைக் குறை சொல்ல முடியாது, யாரும் கேட்கவில்லையே. ஆகவே ஜூலை முடிவதற்குள் அந்தப் பக்கத்தைத் தெளிவாக எழுதி, வட்டத்தார் கையொப்பமிட்டு, ஒரு பிரதி நூலகருக்கும் ஒரு பிரதி சபைச் செயலாளருக்கும் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் ‘2 பிரதிகள்’ என்று மறக்காமல் போடுங்கள்.